மலைப்பாதையில் குமட்டுபவருக்கு வி.ஆர். விளையாட்டு ஒத்துவருமா?

எந்த வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் திரைக்கருவி, வாங்கலாம் என்று உங்கள் கடிதத்தின் முதல் வரியில் கேட்டிருக்கிறீர்கள். மீதி வரிகளைப் படித்தால் கவலை வேறு எங்கோ இருப்பது தெரிகிறது. வயது 41. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருமுறைகூட வாந்தி எடுக்காமல் கடந்ததில்லை. போன மாதம் ஒரு வணிக வளாகத்தில் ஐந்து நிமிடம் வி.ஆர். ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்துவிட்டு, இரவுச் சாப்பாடு வரை தலை சுற்றியிருக்கிறது. வீட்டில் பத்துக்குப் பதினொன்று அடி அறை ஒன்று, ஒன்பது வயது மகள் ஒருத்தி. ஆக, 'இந்த விளையாட்டு என் உடம்புக்கு ஒத்துவருமா, வீணாகப் பணத்தைப் போடுகிறேனா?' என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளாகச் சிறிய வி.ஆர். விளையாட்டுக்கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். முதன்முதலாக ஹெட்செட்டை மாட்டிக்கொள்பவர்களின் முகத்தைப் பார்ப்பதே என் அன்றாட வேலை. யார் சிரிப்பார்கள், யார் வெளிறிப்போவார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நான் மருத்துவர் இல்லை. காதுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வது படித்தறிந்தது, மற்றதெல்லாம் பார்த்தறிந்தது. அந்த அளவில் என் பதில்: பெரும்பாலும் உங்களுக்கு ஒத்துவரும். நீங்கள் வி.ஆரைச் சுவைத்துப் பார்க்கவில்லை, அதன் ஆக மோசமான துண்டைத்தான் வாயில் போட்டுக்கொண்டீர்கள். புதியவர்களுக்கு ரோலர் கோஸ்டரைக் காட்டுவதை எங்கள் கூடத்தில் முதல் ஆண்டிலேயே நிறுத்திவிட்டேன். ஆட்களை இழுக்க அது நல்ல காட்சிதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு இறங்கியவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை.

அதில் என்ன கோளாறு? உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை உணர்கின்றன. அவற்றையொட்டிய பைகள் நேர்கோட்டு வேகமாற்றத்தையும் ஈர்ப்பையும் உணர்கின்றன. ரோலர் கோஸ்டர் படத்தில் கண் 'சரிகிறோம், வளைகிறோம்' என்கிறது; காதோ 'நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலின் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மலைப்பாதைப் பஸ்ஸில் நடப்பது இதன் தலைகீழ். அங்கே காது ஆட்டத்தை உணர்கிறது, முன் சீட்டின் முதுகையோ கையிலுள்ள போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் உணர்வதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துக் கோளாறு என்பதால், பஸ்ஸில் குமட்டுபவர் வி.ஆரில் சற்று எச்சரிக்கையாக இருப்பது நியாயம். ஆனால் அந்தப் பஸ்ஸின் ஓட்டுநருக்கு ஏன் குமட்டுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வளைவு எப்போது வரும், எவ்வளவு சாயும் என்பது அவருக்கு முன்பே தெரியும், திருப்புவதே அவர்தான். வி.ஆரிலும் உங்களைப் பயணியாக உட்கார வைக்கும் விளையாட்டு உண்டு, ஓட்டுநராக்கும் விளையாட்டும் உண்டு. அதைவிட நல்லதாக, வண்டியே ஓடாத விளையாட்டுகளும் இருக்கின்றன.

இதில் உறுதியானது எது, ஊகம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணும் காதும் முரண்படும்போது பலருக்குக் குமட்டும் என்பது உறுதி. அந்த முரண்பாடு ஏன் வயிற்றைப் புரட்ட வேண்டும் என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. புலன்கள் குழம்புவதை உடல் நஞ்சுண்ட அறிகுறியாக எடுத்துக்கொண்டு வெளியே தள்ளப் பார்க்கிறது என்று உளவியலாளர் மிஷேல் ட்ரைஸ்மேன் 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்க அழகாக இருக்கும், நிரூபிக்கத்தான் கடினம். முரண்பாட்டைவிட உடலின் நிலைத்தன்மை குலைவதே காரணம் என்று 1991இல் ரிச்சியோ, ஸ்டாஃப்ரெகன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இஞ்சி மிட்டாய், மணிக்கட்டுப் பட்டை போன்றவற்றை நம்பிக்கையோடு பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்ததாகச் சொன்னவர்களும் உண்டு, பயனில்லை என்றவர்களும் உண்டு. முகத்துக்கு நேரே ஒரு மேசை மின்விசிறி வைப்பது மட்டும் எங்கள் கூடத்தில் பெரும்பாலோருக்கு உதவுகிறது. வியர்வை குறைகிறது, காற்று வரும் திசையை வைத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் உடம்புக்குத் தெரிகிறது. இது என் அனுபவம், ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வளாகத்தில் வேறு ஒன்றும் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். உங்கள் இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அங்கே யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். ஹெட்செட்டின் லென்ஸ்கள் அதற்குப் பொருந்தாவிட்டால் படம் மங்கும், கண் இழுக்கும், சற்று நேரத்தில் நெற்றி வலிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு வி.ஆர். குமட்டல் அதிகம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2020இல் ஆய்வாளர் கே ஸ்டானியின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த இடைவெளி பொருந்தாததால் வருகிறது என்று காட்டியது. கருவிகளைச் சராசரி ஆணின் முகத்துக்குச் செய்துவிட்டுப் பழியைப் பெண்களின் உடம்பின்மேல் போட்டிருக்கிறார்கள்! எனவே எதை வாங்குவதற்கும் முன், உங்கள் கண்ணாடிக்கடையில் இந்த அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி செய்யும்போதே அளந்திருப்பார்கள், இரண்டு நிமிட வேலை.

இனி விளையாட்டுகள். நான் புதியவர்களுக்குப் பிடிவாதமாகச் சொல்லும் ஒரே விதி: முதல் இரண்டு வாரம் உங்கள் கால் நகர்ந்தால் மட்டுமே உலகம் நகர வேண்டும். கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான கைப்பிடியிலுள்ள குச்சியை (ஜாய்ஸ்டிக்) தள்ளி நடக்கும் விளையாட்டு எதுவும் அப்போது வேண்டாம். இந்த விதிக்குள்ளேயே மிக நல்ல விளையாட்டுகள் இருக்கின்றன. 'பீட் சேபர்' என்பது செக் நாட்டில் உருவாகி 2018இல் வந்தது. நின்ற இடத்தில் நின்றபடி, இசையின் தாளத்துக்குப் பறந்துவரும் கட்டைகளை இரு ஒளிவாள்களால் வெட்ட வேண்டும். கட்டைகள்தாம் உங்களை நோக்கி வருகின்றன, தரை அசைவதில்லை. பத்து நிமிடத்தில் நன்றாக வியர்க்கும். 'ஜாப் சிமுலேட்டர்' 2016லேயே வந்தது. அலுவலகம், சமையலறை என்று ஒரு சிறிய இடத்துக்குள் நின்று பொருள்களை எடுத்து எறிந்து குறும்பு செய்வதுதான் வேலை. குழந்தைத்தனம் என்று ஒதுக்காதீர்கள். கையால் எடுப்பது, வைப்பது, எட்டுவது எல்லாம் அதில்தான் பழகும். 'சூப்பர்ஹாட்' சற்றுச் சூடானது: நீங்கள் அசைந்தால்தான் காலமே நகரும். தோட்டா காற்றில் நிற்கும்போது தலையைச் சாய்த்து அதைத் தாண்ட விடலாம். இதை முதலில் ஆடியவர்களில் எவரும் சத்தம் போடாமல் ஆடி நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகப் பிடித்தது 'இலெவன் டேபிள் டென்னிஸ்'. பந்தின் சுழற்சியும் மட்டையின் கோணமும் நிஜத்துக்கு அவ்வளவு நெருக்கம். பள்ளியில் ஆடியவராக இருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பழைய கை திரும்ப வரும். ஒரு எச்சரிக்கை: ஆட்டம் முடிந்த களைப்பில் மேசைமேல் கை ஊன்றாதீர்கள். மேசை அங்கே இல்லை. அப்படி ஊன்றி விழுந்தவர்களை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். ஒருமுறை என்னையும் தூக்கிவிட்டார்கள். மெல்ல ஆட விரும்பினால் 'வாக்அபவுட் மினி கோல்ஃப்' இருக்கிறது. வெளியூரில் இருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டே ஆடலாம். அடுத்த இடத்துக்கு நடக்காமல், அங்கே தாவிப் போய் நிற்கும் வசதியும் உண்டு.

அந்தத் தாவல்தான் இரண்டாம் கட்டத்தின் திறவுகோல். கதை விளையாட்டுகள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, போக வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டி அங்கே தாவிச் செல்வது. இரண்டாவது, வழுக்கிக்கொண்டே திரும்பாமல் முப்பது, நாற்பத்தைந்து பாகையாக வெட்டித் திரும்புவது. அரைவட்டக் குழல்களைப் பற்றி மேலே சொன்னேனே, மெதுவான திருப்பத்தைக் கண்ணுக்கு மட்டும் காட்டுவதுதான் அவற்றை அதிகம் குழப்புகிறது. வெட்டித் திரும்பினால் குழம்ப நேரமில்லை. மூன்றாவது, நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்குவது. ஓரப்பார்வையில் ஓடும் காட்சிதான் 'நகர்கிறோம்' என்ற மயக்கத்தைப் பெரிதும் ஊட்டுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அஜாய் ஃபெர்னாண்டஸும் ஸ்டீவன் ஃபைனரும் 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓரத்தை நுணுக்கமாகக் குறைத்தபோது அசௌகரியம் குறைந்தது, பலர் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. இந்த மூன்றையும் போட்டுக்கொண்டால், 2020இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' போன்ற பெரிய விளையாட்டையும் உங்களைப் போன்றவர் ஆடி முடிக்கலாம். அதற்குத் திறன்மிக்க கணினி வேண்டும் என்பது வேறு கதை.

எப்படிப் பழகுவது என்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். முகத்தில் திடீர் வெப்பம், வாயில் எச்சில் ஊறுவது, காரணமில்லாத கொட்டாவி, குளிர்ந்த வியர்வை ஆகியவை குமட்டலுக்கு முன்பே வரும் தூதுவர்கள். ஒன்று தென்பட்டாலும் உடனே கழற்றிவிடுங்கள். 'தாங்கிக்கொண்டால் பழகிவிடும்' என்று பல்லைக் கடித்து ஆடுவது தலைகீழ் விளைவைத் தரும் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. அப்படி ஆடியவர்களில் சிலருக்குப் பிறகு ஹெட்செட்டின் ரப்பர் வாசனையே குமட்டத் தொடங்கிவிட்டது. முழுவதும் தெளிந்த பிறகு, முடிந்தால் மறுநாள், மீண்டும் மாட்டுங்கள். கழற்றிய கையோடு ஸ்கூட்டர் சாவியை எடுக்க வேண்டாம், அரை மணியாவது போகட்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாங்கும் நேரம் கூடுகிறது. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி தர முடியாது. ஆண்டுக்கணக்கில் ஆடியும் குச்சி நடையைத் தாங்க முடியாதவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்கள் டேபிள் டென்னிஸோடு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வலிப்பு, தீராத தலைசுற்றல் நோய், இதயத்தில் பேஸ்மேக்கர் போன்றவை இருந்தால் மட்டும் என் போன்றவர்களைக் கேட்காதீர்கள், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

கண்ணாடி பற்றி. கிட்டப்பார்வை என்றால் உள்ளேயும் கண்ணாடி வேண்டும். திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், லென்ஸ்கள் படத்தை ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் குவிக்கின்றன. விளையாட்டுக்குள் ஒரு பொருளை மூக்கருகே கொண்டுவந்தாலும் கண் குவிக்கும் தூரம் மாறுவதில்லை. படிக்க மட்டும் கண்ணாடி போடும் வெள்ளெழுத்துக்காரர்கள் பலர் ஹெட்செட்டுக்குள் அது இல்லாமலே சமாளிப்பதற்கு இதுதான் காரணம். சிலருக்குக் கண் களைப்பதற்கும் இதே அமைப்பைத்தான் காரணம் காட்டுகிறார்கள்: இரு கண்களும் அருகே குவிகின்றன, விழிலென்ஸோ தூரத்தைப் பார்க்கிறது. உங்கள் கண்ணாடியின் சட்டம் அகலமாக இருந்தால் உள்ளே நுழையாது. நுழைந்தாலும் கண்ணாடியும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் இரண்டும் கீறிப்போகும். முகப்பட்டைக்கும் லென்ஸுக்கும் நடுவே இடைவெளி கூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து ஆடுவீர்கள் என்று தெரிந்த பிறகு, உங்கள் பவருக்கு ஏற்ற செருகு லென்ஸ்கள் செய்துகொள்ளலாம். என் கணக்கில், ஹெட்செட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் நல்ல செலவு அதுதான்.

உங்கள் அறை போதும். நடந்து ஆட ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிச் சதுரம் வேண்டும். கட்டிலைச் சுவரோடு தள்ளினால் கிடைத்துவிடும். அது முடியாத நாளில் நின்ற இடத்திலேயே ஆடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லைக்கோட்டைக் கருவியிலேயே வரையலாம். அதை நெருங்கினால் வலைபோல ஒரு சுவர் தெரியும். ஆனால் அந்தச் சுவர் நான்கு பக்கமும்தான், தலைக்குமேல் இல்லை. நம் வீடுகளில் உண்மையான ஆபத்து மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையை உயர்த்தி வீசும்போது சீலிங் ஃபேன் எட்டும் உயரமா என்று ஹெட்செட் இல்லாமல் ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள். எட்டினால் அதை அணைத்துவிட்டு, முன்பு சொன்ன மேசை மின்விசிறியை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆட வேண்டாம். டிவி தப்பாது. காலடியில் ஒரு சிறிய மிதியடி விரித்துக்கொண்டால், கண் தெரியாமலே நடுவில் நிற்கிறோமா என்பது பாதத்துக்குத் தெரியும்.

இன்னொன்று, வெயில். ஹெட்செட்டின் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடிதான். அதன்மீது நேராகச் சூரிய ஒளி பட்டால் திரையில் குவிந்து பொசுக்கிவிடும். என்னுடைய முதல் ஹெட்செட்டை ஜன்னலோர மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பிவந்து மாட்டினால் வலது கண்ணில் மஞ்சள் தழும்பு ஒன்று, எந்த விளையாட்டுக்குப் போனாலும் கூடவே வந்தது. வேலை முடிந்ததும் துணியால் மூடி வைத்துவிடுங்கள். லென்ஸைத் துடைக்க உலர்ந்த மென்துணி போதும்; சானிட்டைசர் பக்கமே போக வேண்டாம்.

கடைசியில்தான் கருவிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க அதிகம் இல்லை. போனைச் செருகி ஆடும் பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்காதீர்கள். கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கருவியின் வழிவந்தவை அவை. கூகுளே 2021இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. தலை திரும்புவது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். நீங்கள் முன்னே சாய்ந்தால் உலகமும் கூடவே சாயும். உங்களைப் போன்ற வயிற்றுக்கு அது நஞ்சு. கணினியோ கம்பியோ இல்லாமல் தானே இயங்கும் ஹெட்செட் போதும். மெட்டாவின் க்வெஸ்ட் 3 2023இலும், க்வெஸ்ட் 3எஸ் 2024இலும் வந்தன. இரண்டிலும் ஒரே சிப்தான், விளையாட்டுகளும் பெரும்பாலும் ஒன்றேதான். முக்கிய வேறுபாடு லென்ஸில். 3எஸ் அறிமுகமானபோது 299 டாலர், ஆனால் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே படிகள். க்வெஸ்ட் 3 அப்போது 499 டாலர். இடைவெளியை 58 முதல் 71 வரை சக்கரத்தால் நுணுக்கமாகத் திருப்பலாம், படமும் ஓரம்வரை தெளிவு. கண்ணாடிக்கடையில் எழுதி வாங்கிய அளவு 63ஐ ஒட்டி வந்தால் 3எஸ் வாங்குங்கள். 60, 66 என்று நடுவில் மாட்டினால், குமட்டல் சுபாவம் உள்ள உங்களுக்கு அதிக விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் பிளேஸ்டேஷன் 5 ஏற்கெனவே இருந்தால் மட்டும் அதற்கான வி.ஆர். 2 ஹெட்செட்டை யோசிக்கலாம், திரை அருமை, ஆனால் கம்பி காலைச் சுற்றும். எதை வாங்கினாலும் உடன்வரும் துணிப்பட்டையை நம்பாதீர்கள். அரைக்கிலோ எடை முகத்திலேயே தொங்கும். பின்தலையைப் பிடிக்கும் பட்டை ஒன்று வாங்குங்கள்.

விளையாட்டுகளுக்குத் தனிச் செலவு உண்டு. நல்ல செய்தி, மெட்டா கடையிலும், கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமிலும் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எது குமட்டுகிறது என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும், தயங்காமல் திருப்பிவிடுங்கள்.

மகளுக்கு இப்போது வேண்டாம். மெட்டா பெற்றோர் மேற்பார்வையோடு பத்து வயது என்கிறது, பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி பன்னிரண்டு என்கிறது. இந்த எண்கள் கண் மருத்துவத்தால் துல்லியமாக வரையறுக்கப்பட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். வளரும் கண்ணுக்கு நீண்டகாலத்தில் என்ன ஆகும் என்பதற்குப் போதிய சான்று எந்தப் பக்கமும் இல்லை என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். சின்ன முகத்தில் லென்ஸ் இடைவெளி பொருந்தாது என்பதோ கண்கூடு. அதுவரை நீங்கள் ஆடுவதை டிவியில் காட்டுங்கள். அப்பா காற்றில் கை வீசுவதைப் பார்ப்பது அவளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கையாக இருக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் நேரில் போய் மாட்டிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து, இரு கண்ணிலும் தழும்போ புள்ளியோ இருக்கிறதா என்று தேடுங்கள் (என் ஹெட்செட்டை யாராவது விற்றுக்கொண்டிருக்கலாம்). குச்சியைத் தொடாதபோது காட்சி தானாக நகர்ந்தால் கைப்பிடி தேய்ந்துவிட்டது. விற்பவர் தன் கணக்கை நீக்கி, கருவியை உங்கள் கண் முன்னாலேயே புதிதுபோல் மீட்டமைத்துத் தர வேண்டும். புதியது என்றால், இறக்குமதி செய்து விற்பவரிடம் 'பழுதானால் எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்தச் செலவு யாருடையது?' என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.